ஒருமுறை நேர்ந்தவை

சுபூட்டில் காற்று ஓயும் இரவுகள்
மாதத்துக்கு நான்கோ ஐந்தோ.
நிலா தின்றது போக
மிஞ்சுவது இரண்டு.

துருவன் இந்தப் பக்கம் உதிப்பதில்லை.
அவன் நிற்க வேண்டிய இடத்தில்
இருக்கிறேனா இல்லையா என்று ஒரு மங்கல் புள்ளி.
அதைப் பிடித்து அச்சை நேராக்க
மூன்று இரவு மண்டியிட்டேன்,
முட்டியில் சரளைக்கல் பதிய.
தொடுவானத்தருகே திரிசங்கு தலைகீழாய்த் தொங்கி
வேடிக்கை பார்த்தது.

பதினாறு அங்குலக் கண்ணாடி.
ட்ரெலேவில் ஒரு பல் மருத்துவர்
கண்புரை வந்ததும் விற்றுவிட்டார்.
தாங்கி, இரண்டு மோட்டார், எதிர்எடைகள் எல்லாம் சேர்த்து
என் பழைய லாரியின் விலை.
வந்த அன்றே கியர்பெட்டியைத் திறந்தேன், பழக்க தோஷம்.
இருபது வருஷம் லாரிக்கு அடியில் படுத்தவளுக்குப்
பல்சக்கரத்தின் பொய் தெரியும்:
எட்டு நிமிடத்துக்கொரு முறை மெல்லத் தயங்கும்,
பிறகு அவசரப்படும்.
கணினி அந்தத் தயக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு
வருமுன்னே திருத்திவிடுகிறது.
இப்படி ஓர் ஆள் எனக்கு வாய்க்கவில்லை என்றேன்.
எலுனெட் சிரிக்கவில்லை.

எலுனெட் பியூ, பக்கத்துப் பண்ணை.
செப்டம்பரில் பூமா பதினொரு குட்டிகளைக் கொண்டுபோனது.
அக்டோபரில் அவள் கம்பத்தில் ஒரு வெள்ளை விளக்கு ஏறியது.
அறுநூறு மீட்டர் தள்ளி, என் படத்தின் இடப்பக்கம் முழுக்கப்
பால் கொட்டினாற்போல் ஆயிற்று.

மதே குடித்தபடி பேரம்.
"நீதான் தூங்குவதில்லையே, ஓடில்யா."
நிலா இல்லாத இரவில் விளக்கை அணைப்பது அவள் பொறுப்பு.
அவள் பட்டிக்குக் காது கொடுப்பது என் பொறுப்பு.

அன்று குறி ஒரு விண்மீன் திரள்,
சாய்த்துப் பிடித்த வெள்ளிக்காசு.
அதன் ஒளி கிளம்பி ஒரு கோடி ஆண்டுக்கு மேல்.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம்.
பதினொன்றேகாலுக்கு அது உச்சியைக் கடக்க,
குழாய் தானாகவே மறுபக்கம் திரும்பியது,
தூக்கத்தில் புரளும் பசுவைப்போல.
ஒயர் ஒன்று சிக்கியது. எடுத்துவிட்டேன்.

முப்பத்தெட்டாவது படம்.
ஆடுகள் ஒரே சமயத்தில் வாயடைத்தன.

கையில் இருந்தது சிவப்பு டார்ச்.
இருளைக் கெடுக்காத வெளிச்சத்துக்கு
எந்தப் பூமா பயப்படும்?
ஓடினேன். லாரி விளக்குகளை முழுதாய்ப் போட்டு
ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.
எலுனெட் இரவு உடையில், துப்பாக்கியோடு.
கம்பத்து விளக்கு எரிந்தது.
வேலியோரம் இரண்டு பச்சைக் கண்கள்,
பிறகு வேலி மட்டும்.

நாங்கள் கத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம்
எங்களுக்குப் பின்னால் மோட்டார்
இரண்டு நொடிக்கொரு முறை
தன்னைத் திருத்திக்கொண்டே இருந்தது.

எண்ணிப் பார்த்தாள்.
"பன்னிரண்டு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.
மறுநாள் இரவும் விளக்கை அணைத்தாள்.

நவம்பர் கடைசியில் இருநூற்றுப் பதினான்கு படங்களை
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினேன்.
மென்பொருளின் நீதி எளிது:
திரும்பத் திரும்ப வந்தது மெய்,
ஒருமுறை வந்தது பிழை.
விமானங்கள் போயின, செயற்கைக்கோளின் கீறல்கள் போயின,
லாரி வெளிச்சம் போயிற்று.
கறுப்பில் வெள்ளிக்காசு மட்டும், தூசிக்கோடுகள் தெளிய.

எலுனெட் வெகுநேரம் பார்த்தாள்.
"நல்லாயிருக்கு. அந்த ராத்திரி இதில் எங்கே?"

தள்ளிவைத்த கோப்பைத் திறந்தேன்.
முப்பத்தெட்டு: வெளுத்த வானம்,
ஓடும்போது தாங்கியின் காலில் நான் இடறியதில்
எல்லா நட்சத்திரங்களும் ஒரே பக்கம்
கொக்கி போட்டிருந்தன.

ஒரு கொக்கியின்மேல் விரல் வைத்தாள்.
"இது நீயா?"

ஆமாம் என்றேன்.
வெளியே காற்று கிளம்பிவிட்டது.
கண்ணாடிக்கு மூடி போடப் போனேன்.